ஓடை தாண்டிய மாச்சய்யா

கோணிக்கொப்பலில் எனக்கு ஒரு அச்சகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, காப்பித் தோட்டத்து ரசீது, எம்.எல்.ஏ. பிறந்தநாள் நோட்டீஸ் என்று எதையும் விடுவதில்லை. இந்தத் தொழிலில் இருப்பவனுக்குக் குடகின் வீட்டுப்பெயர்கள் அத்தனையும் மனப்பாடம். எங்கள் பக்கத்தில் ஒருவனைப் புதிதாகப் பார்த்தால் அவன் பெயரை யாரும் கேட்பதில்லை. எந்த ஒக்க என்றுதான் கேட்பார்கள். ஒரே முன்னோரிலிருந்து இறங்கிய கூட்டத்துக்கு ஒக்க என்று பெயர். அதன் பெயர்தான் எங்கேயும் முதலில் போகும். நாங்கள் அதன் பின்னாலேயே வாலைப்போல் நடந்து போவோம்.

அந்தப் பெயர்களில் ஒன்று வந்தால் மட்டும் எனக்குத் தலைவலி. மாளேரண்ட. அந்த வீட்டுப் பத்திரிகைக்குச் சாதாரண அட்டை போதாது. பிரிகேடியர், கர்னல், முன்னாள் அமைச்சர், முன்னாள் சட்டசபை உறுப்பினர் என்று இருப்பவர், போனவர் பட்டம் மட்டுமே பாதி அட்டையை அடைத்துக்கொள்ளும். மணமகள் பெயருக்கு ஒரு மூலை ஒதுக்கினால் பெரிது.

என் பெயர் சிட்டிமாட பூவய்யா. எங்கள் ஒக்கவில் பேப்பரில் பெயர் வந்தவர் என்று பார்த்தால் என் சித்தப்பா ஒருவர்தான். யானை துரத்தியதில் பலாமரத்தில் ஏறிக்கொண்டு, அது போன பிறகும் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். தீயணைப்பு வண்டி வந்து இறக்கியது. அந்தச் செய்தியை என் அப்பா வெட்டி வைத்திருக்கிறார்.

இந்த லட்சணத்தில் நான் மாளேரண்ட வீட்டுப் பெண்ணை விரும்பினேன். தேச்சம்மா விராஜ்பேட்டையில் பாங்கில் வேலை பார்க்கிறாள். கடன் கேட்கப் போனேன். கடன் கிடைக்கவில்லை, அவள் கிடைத்தாள். மூன்று வருஷம் பழகிய பிறகு, இனி ஒளிந்துகொண்டு திரிய முடியாது என்று அவள் சொன்னதால், அவள் அப்பாவைப் பார்க்கப் போனேன். கர்னல் பெள்ளியப்பா எழுபத்தொன்றாம் வருஷத்துப் போரில் முழங்காலில் குண்டு வாங்கியவர். அந்தக் காலை நீட்டிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பொண்ணைக் கேட்டு வந்திருக்கியா, எங்க பேரைக் கேட்டு வந்திருக்கியா?”

“பொண்ணைத்தான் மாமா.”

“பொண்ணைத் தர்றேன். ஆனா உன் பேரை இங்க வெச்சுட்டுப் போகணும்.”

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக, கீழ்ப்படியும் சிப்பாய்க்குச் சொல்வதுபோல் சொன்னார். “எனக்கு மகன் இல்ல. எங்கண்ணன் அறுபத்தஞ்சு சண்டையில, கல்யாணம் ஆகாமலே போயிட்டான். இவ உன் வீட்டுக்கு வந்துட்டா மாளேரண்ட என்னோட முடிஞ்சுது. ராஜா காலத்துலேருந்து இருக்கற பேரு. என் கையால அதுக்கு மண்ணு தள்ள மாட்டேன். ஒக்க பரிஜெயில கட்டிக்கிறதா இருந்தா சொல்லு. இல்லேன்னா காப்பி குடிச்சுட்டுக் கிளம்பு.”

ஆண் வாரிசு இல்லாத வீட்டுக்கு எங்களுக்குள் ஒக்க பரிஜெ என்று ஒரு வழி உண்டு. மாப்பிள்ளை தன் ஒக்கவை விட்டுவிட்டு, பெண்ணின் ஒக்கவில் சேர்ந்துகொள்வான். அவன் பெயர், பிறக்கும் பிள்ளைகளின் பெயர், அவன் செத்த பிறகு வைக்கும் படையல், எல்லாம் அந்த வீட்டுக்கு. பிறந்த வீட்டுக்கு அவன் விருந்தாளியாகத்தான் வருவான்.

உண்மையைச் சொன்னால் எனக்கு என் பெயர்மேல் அப்படி ஒன்றும் உயிர் இல்லை. தேச்சுவுக்கு அவள் பெயர்மேல் இருந்தது. “எனக்கு இந்தப் பேர் பிடிக்கும் பூவி. பொண்ணாப் பொறந்ததால ஒரு நாள்ல அதைக் கழட்டி வெக்கணும்னா கோபமா வருது. உனக்குக் கஷ்டம் இல்லேன்னா நீ கழட்டேன்” என்றாள். எனக்கு அண்ணன் இருக்கிறான், மைசூரில், இரண்டு பையன்களோடு. சிட்டிமாட என்ற பெயர் நான் போனால் அழியாது.

ஆனால் அப்பா இருந்தார். சிட்டிமாட மேதப்பா குள்ளமான மனிதர், நாலு ஏக்கர் காப்பியும் கொஞ்சம் மிளகும் உடையவர், ஊரில் யாரும் எதற்கும் முதலில் கூப்பிடாதவர். நான் விஷயத்தைச் சொன்னதும் தட்டை நகர்த்தி வைத்தார்.

“விக்கிறதுக்குப் பெத்தேனா உன்னை?”

“விக்கிறது இல்லப்பா. வழக்கம்தானே.”

“அவன் வீட்டுச் சுவர்ல படம் நிறைய இருக்கு. என் வீட்டுல இருக்கறது நீங்க ரெண்டு பேரு. அதுல ஒண்ணை அவனுக்குக் குடுக்கணுமா? போய்ச் சொல்லு, மேதப்பா பிச்சைக்காரன்தான், ஆனா பிள்ளையைப் பிச்சை போடமாட்டான்னு.”

அப்பாவின் சம்மதம் இல்லாமல் இந்தக் கல்யாணம் நடக்காது. பிறந்த வீடு விளக்கின் முன்னால் வாய்விட்டுச் சொன்னால்தான் மாப்பிள்ளை அடுத்த ஒக்கவுக்குப் போக முடியும். கர்னல் ஒரு படி இறங்கமாட்டார், அப்பா ஒரு படி ஏறமாட்டார். நடுவில் நானும் தேச்சுவும்.

வேறொருவனாக இருந்தால் கோபப்பட்டிருப்பான். எனக்கு என்னவோ ஆர்வம்தான் அதிகமாக வந்தது. ஒரே வீட்டுப்பெயர் எப்படி எல்லாக் காலத்திலும் மேலே வந்துகொண்டே இருக்கிறது? எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு ஓடைதான் இருக்கிறது. அதே மழை, அதே பன்றிக்கறி. அந்தக் கரையில் தளபதியும் மந்திரியும் முளைக்கிறார்கள், இந்தக் கரையில் மரத்தில் ஏறிய சித்தப்பா.

முன்னோர் படையலுக்குக் கர்னல் என்னைக் கூப்பிட்டிருந்தார். வருங்கால மாப்பிள்ளைக்கு எதற்காக எதை விடப்போகிறான் என்று காட்டுவதற்குத்தான். ஒக்கவின் மூல வீட்டை ஐன்மனை என்போம். அங்கே நடுக்கூடத்துச் சுவர் முழுக்கப் படங்கள். முதலில் மாச்சய்யா, ராஜா காலத்துப் படைத்தலைவர், வெள்ளைக்காரனை எதிர்த்துச் சண்டை போட்டவர். அவரைப் பார்த்தவர் யாரும் வரையவில்லை. பிற்பாடு யாரோ ஓர் ஓவியன் கர்னலுடைய பெரியப்பாவின் முகத்தை எடுத்து அதற்குப் பெரிய மீசை வைத்திருக்கிறான். அடுத்தது அவர் மகன், அதே வெள்ளைக்காரனிடம் பெரிய உத்தியோகம். அதற்கடுத்தவர் முதல் உலகப்போரில் பாலைவனத்தில் செத்த கேப்டன். பிறகு ஒருவர், குடகு தனி மாநிலமாக இருந்தபோது சட்டசபையில் உட்கார்ந்து மைசூரோடு சேர்க்கக்கூடாது என்று மேசையைத் தட்டினார். சேர்த்த பிறகு அங்கேயும் போய் அமைச்சராக உட்கார்ந்தார்.

“எப்படி மாமா, யார் ஜெயிச்சாலும் அந்தப் பக்கம் உங்க ஆள் ஒருத்தர் நிக்கிறாரே?”

தேச்சு சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கர்னல் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. மணிக்கட்டைத் திருப்பி நரம்பைத் தட்டிக் காட்டினார்.

“ரத்தம்டா. மாளேரண்ட ரத்தம். வேற ஒண்ணும் இல்ல.”

தொங்குவிளக்கின் கீழே வாழை இலைகளை வரிசையாகப் போட்டார்கள். சோறு, பன்றிக்கறி, கடம்புட்டு என்கிற அரிசி உருண்டை, ஒவ்வொரு இலைக்கும் ஒரு சின்ன தம்ளரில் ராணுவக் கேன்டீன் ரம். அந்த வீட்டில் செத்தவர்களுக்கும் கோட்டா உண்டு. எல்லாம் முடிந்ததும் தேச்சுவின் அம்மா இன்னும் ஓர் இலையை எடுத்துக்கொண்டு போய், வரிசையை விட்டுத் தள்ளி, வாசற்படிக்குப் பக்கத்தில் தனியாகப் போட்டாள். நுனி வாசலைப் பார்த்து இருந்தது. மாளேரண்ட வீட்டில் இத்தனை பெரிய மனிதர்கள் உள்ளே உட்கார்ந்து சாப்பிட, யார் அந்த ஒரு ஆள் படியோரத்தில்?

“அது யாருக்கு மாமா?”

“மரபு.”

“யாருக்குன்னு…”

“பட்டாளத்துல ஆர்டர் குடுத்தா ஏன்னு கேப்பியா? மரபையும் கேக்கப்படாது.”

தேச்சு என் காதருகே வந்தாள். “நானும் சின்ன வயசுல கேட்டேன். முதுகுல ரெண்டு வெச்சார்.”

எனக்கு அதற்குமேல் கறி இறங்கவில்லை. ஒரு விஷயம் மண்டைக்குள் புகுந்துவிட்டால் விடை தெரியும்வரை நான் எதற்கும் உதவமாட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்த இலையைப் பற்றிச் சொன்னேன். அம்மா மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“வாசலைப் பாத்து ஒரு இலைதானே? அதுக்கு ஏன் இப்படி வாயைப் பொளக்கறே? நம்ம வீட்டுலயும்தான் வெக்கிறோம்.”

“நம்ம வீட்டுலயா?”

“திண்டுக்கு அந்தப் பக்கம், கிழக்கால பாத்து. வருஷா வருஷம் நீதான் அதைத் தாண்டிக் குதிச்சு வெளிய ஓடுவே.”

முப்பது வருஷம் அந்த இலையைத் தாண்டியிருக்கிறேன். ஒரு நாளும் பார்த்ததில்லை. அம்மா வேறு வீட்டிலிருந்து வந்தவள், அதனால் வந்த வருஷமே பார்த்துவிட்டாள்.

“நான் பொறந்த வீட்டுல இப்படிக் கிடையாது. உங்கப்பாவோட அத்தைகிட்ட கேட்டேன். ‘ஓடை தாண்டிப் போனவருக்கு’ன்னாங்க. யாரோ வெள்ளத்துல போயிட்டார் போலன்னு நெனச்சுக்கிட்டேன். பாவம்னு கொஞ்சம் கறி கூடவே வெப்பேன்.”

எங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் மாளேரண்ட. அப்போதே தேச்சுவுக்குப் போன் போட்டேன்.

மறுநாள் இருவரும் ஸ்கூட்டரில் அப்பச்சு மாமாவைப் பார்க்கப் போனோம். அவர் இரண்டு வீட்டுக்கும் அருவ. கல்யாணத்தில் வீட்டின் சார்பாக நின்று பேசுகிறவருக்கு அந்தப் பெயர். யாருக்கு யார் என்ன முறை, யார் யாரைக் கட்டலாம், கட்டக்கூடாது என்பதை அவர்தான் சொல்வார், அதற்குமேல் அப்பீல் கிடையாது. அவர் முற்றத்தில் மிளகைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்.

“மாமா, ஓடை தாண்டிப் போனவர் யாரு?”

“எந்த வீட்டு ஆளாக் கேக்கறே? சிட்டிமாடவா இருக்கறவனாவா, மாளேரண்டவா ஆகப்போறவனாவா?”

“சும்மா ஒரு மனுசனாக் கேக்கறேன்.”

“அப்படி ஒருத்தன் குடகுல கிடையாதே” என்று சொல்லிவிட்டுத் திண்டில் உட்கார்ந்தார். “மாளேரண்டவுல ராஜா காலத்துல ஒரே ஒரு பொண்ணு மிஞ்சிச்சு. சோண்டம்மா. அப்பவும் இதே கதைதான், பேரு அழியப் போகுதுன்னு. சிட்டிமாடவுலேருந்து ரெண்டாவது பையனைக் கூட்டிட்டு வந்து சேத்துக்கிட்டாங்க. வர்றப்ப அவன் மாடு மேய்ச்சுக்கிட்டிருந்தான். அரண்மனைக்குப் போனது, படையில சேந்தது, எல்லாம் அதுக்கப்பறம்.”

தேச்சு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “மாச்சய்யாவா? எங்க வீட்டுச் சுவர்ல இருக்கற மாச்சய்யாவா?”

“வேற எந்த மாச்சய்யா?”

“ஏன் மாமா எங்கப்பாகிட்ட சொல்லல?”

“கேட்டாத்தானே சொல்றது. உங்கப்பன் என்னைக் கூப்பிடுவான், ரம் ஊத்துவான், அவனே பேசுவான், ஜீப்புல கொண்டுவந்து விட்டுடுவான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “கேட்டாச்சுல்ல? இங்கயே விட்டுட்டுப் போங்க.”

ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஏன் கேட்கிற நான் அதை மட்டும் கேட்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தோம். “அப்போ எங்க கேப்டன், எங்க மந்திரி, எங்கப்பா, எல்லாரும் உங்க வீட்டு மாட்டுக்காரரோட வாரிசா?” என்று தேச்சு என் முதுகில் குத்தினாள்.

நான் போட்ட கணக்கு சுலபமானது. தளபதி மாச்சய்யாவே எங்கள் வீட்டிலிருந்து இப்படித்தான் போனார் என்று தெரிந்தால் அப்பா மனம் இளகுவார். பெரிய மனிதர் போன வழியில் மகன் போவதில் என்ன அவமானம்? அப்பாவிடம் சொன்னேன். அவர் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு உள்ளே போய், கல்யாணங்களுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை மத்தியானம், வெயிலில், கோணிக்கொப்பலுக்கு நடந்தார்.

பொழுது சாய்வதற்குள் ஊரே பேசியது. மறுநாள் அப்பா அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

“ஒரு காலண்டர் அடி. மாச்சய்யா படம் போட்டு. கீழ, ‘சிட்டிமாட மாச்சய்யா, குடகுப் படைத்தலைவர்’. கொட்டை எழுத்துல.”

“அப்பா, அந்தப் படம் அவரே இல்ல. கர்னலோட பெரியப்பா முகம்.”

“அப்போ என் முகத்தை வெச்சு வரையச் சொல்லு. நான்தானே நெருங்கின சொந்தம்?”

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கடைத்தெருவில் இரண்டு பேர் அவரை நிறுத்தி வணக்கம் சொன்னார்களாம். ஒருவர் காப்பி வாங்கிக் கொடுத்தாராம். அதையும் சொன்னார். மெஷின் கோளாறு என்று பொய் சொல்லி நாலு நாள் கடத்தினேன். ஐந்தாம் நாள் காலை எங்கள் வாசலில் கர்னலின் ஜீப் வந்து நின்றது. கர்னல் இறங்கினார். தேச்சு பின்சீட்டிலேயே இருந்தாள்.

“மேதப்பா, என் முன்னோரைத் திருடறியாமே?”

“திருடறதா? பெத்தது நாங்க. சோறு போட்டது நாங்க. மீசை முளைச்சதும் கூட்டிட்டுப் போனது நீங்க.”

“அவர் ஜெயிச்சதெல்லாம் எங்க பேர்ல!”

“ரத்தம் எங்களுது. நீதானே ஊரெல்லாம் சொல்லுவே, ரத்தம் ரத்தம்னு?”

அப்பா அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கர்னலின் வாயை அடைத்துவிட்டார். ஆனால் கர்னல் பட்டாளத்து ஆள். மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

“சரி. ரத்தம்னே வெச்சுக்குவோம். மாச்சய்யா உன் ரத்தம். நான் மாச்சய்யா ரத்தம். என் மக என் ரத்தம். உன் மகன் உன் ரத்தம்.” விரலைத் தேச்சுவிடமிருந்து என்னிடம் நகர்த்தினார். “அப்போ இவங்க ரெண்டு பேரும் யாருன்னு சொல்லு. அண்ணனுக்குத் தங்கச்சியைக் கட்டி வெக்கிற வழக்கம் உங்க வீட்டுல உண்டா?”

உள்ளே அம்மா கரண்டியைக் கீழே போட்டாள். ஒரே முன்னோர் வழியில் வந்தவர்கள் எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் எங்களுக்குள் அண்ணன் தங்கைதான். அதற்கு விலக்கே இல்லை. அப்பச்சு மாமா ஏன் இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தேடிப்போய், கேட்டு, கண்டுபிடித்து, ஊருக்கும் சொல்லி, என் தேச்சுவை என் கையாலேயே என் தங்கையாக்கி வைத்திருக்கிறேன்.

தேச்சு ஜீப்பிலிருந்து குதித்தாள். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் நடுங்கவில்லை.

“அப்பா, ரத்தம்தான்னா மாளேரண்ட ராஜா காலத்துலயே தீந்து போச்சு. சுவர்ல இருக்கறவங்க எல்லாம் சிட்டிமாட. நீங்களும் சிட்டிமாட. இல்லாத பேரைக் காப்பாத்தறதுக்கு எதுக்கு இவனைக் கேட்டீங்க?”

கர்னல் ஜீப்பின் பக்கம் திரும்பினார். “ஜீப்புல ஏறு” என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் வந்த நாட்களை நான் நினைக்க விரும்புவதில்லை. டீக்கடையில் “தங்கச்சி சௌக்கியமாடா?” என்று ஒருத்தன் கேட்டான். அவன் பல்லை உடைத்திருப்பேன், அவன் என் அச்சகத்து வாடிக்கையாளன் என்பதால் விட்டேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இதுவரை ஒரு கல்யாணம்கூட நடந்ததில்லை என்பதையும் யாரோ நினைவுபடுத்தினார்கள். இரண்டு முறை பேச்சு வந்து, ஏதோ சாக்குச் சொல்லிக் கலைத்திருக்கிறார்கள். தெரிந்துதான் கலைத்திருக்கிறார்கள். தேச்சு போனில் அழுதாள், நானும் அழுதேன், கர்னல் போனைப் பிடுங்கிவைத்தார்.

கடைசியில் அப்பச்சு மாமாவே இரண்டு வீட்டையும் கூப்பிட்டார், எங்கள் ஐன்மனைக்கு. மாளேரண்ட வீட்டோடு ஒப்பிட்டால் அது மாட்டுக்கொட்டகை. கர்னல் தலையைக் குனிந்துதான் உள்ளே வர வேண்டியிருந்தது. விளக்கை ஏற்றியதும் மாமா ஆரம்பித்தார்.

“ஒக்க ரத்தத்துல இல்ல. இருந்தா ஒக்க பரிஜென்னு ஒண்ணு எதுக்கு? யாருக்கு எந்த வீட்டுல இலை போடறாங்களோ அவன் அந்த வீட்டு ஆளு, அவ்வளவுதான். மாச்சய்யாவுக்கு ரெண்டு வீட்டுலயும் இலை விழுது, அதுதான் சிக்கல். மாளேரண்டவுல அவரை இன்னும் வாசப்படியில உக்கார வெச்சுச் சோறு போடறீங்க, வெளிய இருந்து வந்தவர்னு. சிட்டிமாடவுல அவரை இன்னும் அனுப்பவே இல்ல. ஒரு கால் அங்க, ஒரு கால் இங்கன்னு நிக்கிற ஆளை வெச்சுக்கிட்டு நான் எப்படிக் கல்யாணம் முடிக்கிறது? அவரை ஒரு வீட்டுல சேருங்க. அந்த வீடு மாளேரண்டன்னா, பொண்ணுக்கும் பையனுக்கும் முறை உண்டு. பெள்ளியப்பா, நீ முதல்ல.”

கர்னல் விளக்கின் முன்னால் விறைப்பாக நின்றார். “மாச்சய்யா எங்க வீட்டுக்குக் கட்டிக்கிட்டு வந்தவர்” என்றார். நிறுத்தினார். அடுத்த வார்த்தைக்கு அவர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்தது. “வர்றப்ப மாடு மேய்ச்சுக்கிட்டிருந்தவர். அவர் வரலேன்னா நான் இல்ல. இனிமே வாசல்ல இல்ல, நடுவுல இலை போடறேன்.”

தேச்சு போய்த் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மேதப்பா, நீ” என்றார் மாமா.

அப்பா அந்தக் கறுப்புக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தார். “என்ன சொல்லணும்?”

“மாச்சய்யா எங்க ஆள் இல்லன்னு சொல்லணும். அடுத்த வருஷத்துலேருந்து இங்க அந்த இலை கிடையாது.”

“இப்பத்தானே கிடைச்சாரு” என்றார் அப்பா. “ஒரு மாசம்கூட ஆகல.”

அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை, கர்னல்கூட.

“இன்னொண்ணும் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லு” என்றார் மாமா. “உன் மகனும் அதே வழியிலதான் போறான். அவருக்கு இங்க இலை இல்லன்னா இவனுக்கும் பின்னால இங்க இலை இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தைதான். நாளைக்கு வந்து, அதை மாச்சய்யாவுக்கு மட்டும் சொன்னேன்னு சொல்லக்கூடாது.”

வேண்டாம்ப்பா என்று சொல்ல நினைத்தேன். சொல்லியிருந்தால் அவர் சந்தோஷமாக வீட்டுக்குத் திரும்பியிருப்பார். எனக்குத் தேச்சு வேண்டும். அப்பாவும் வேண்டும். கோழையைப்போல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தேச்சுவைப் பார்த்தார். விளக்கின் பக்கத்தில் போய் அதன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார்.

“மாச்சய்யா மாளேரண்ட வீட்டு ஆளு. எங்க ஆள் இல்ல.” சங்கிலியை விடவில்லை. “பூவய்யாவும்…”

“போதும் மேதப்பா. போதும்” என்றார் மாமா.

வெளியே ஜீப்புக்குப் பக்கத்தில் எல்லோரும் நாள் குறிப்பது பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தேச்சுவும் என் அம்மாவும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவைக் காணவில்லை. ஓடைக்கரையில், கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் கரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஆனி மாதத்து மழையில் ஓடை நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“ஏண்டா, மாச்சய்யாவை அனுப்பி வெச்சாரே அவங்கப்பா, அவர் பேரு என்ன?”

எனக்குத் தெரியவில்லை. இத்தனை கேள்வி கேட்டேன், இத்தனை பேரைக் குடைந்தேன், அதைக் கேட்கவே தோன்றவில்லை. ஜீப்பிடம் ஓடிப்போய் அப்பச்சு மாமாவைக் கேட்டேன். அவர் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார்.

“தெரியாதுடா. அது யாரும் சொல்லி வெக்கல.”

திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

“நீ உன் பசங்களுக்குச் சொல்லுவேல்ல, என் பேரை?”

“என்னப்பா இது…”

“சொல்லு பாப்போம்.”

“சிட்டிமாட மேதப்பா” என்றேன்.

“கேக்கல” என்றார்.

தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே, அந்தக் கரைக்கே கேட்கும்படி, இன்னொரு தடவை கத்திச் சொன்னேன்.